செல்லாயி டீச்சரும் நூற்றெண்பத்தேழு கடிதங்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லாயி டீச்சரை நான் முதன்முதலில் பார்க்கப் போனது சண்டை போடத்தான்.

1984ஆம் வருஷம். மலேசியாவின் ஈப்போவில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த மாடியை வாடகைக்கு எடுத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்திருந்தாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவளுடைய ஏர்கண்டிஷன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக எங்கள் ரொட்டிக் கல்லில் விழ ஆரம்பித்தது. கல் 'சுர்' என்கிறது, ரொட்டி போடுகிறவன் முழிக்கிறான், சாப்பிட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் லியாகத் அலி, "பானு, பொறு லா, நான் போய்ப் பேசுறேன்" என்பதற்குள் நான் பாதிப் படி ஏறிவிட்டேன்.

மேலே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு திருப்புளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொன்னதுல மூணு விஷயம் இருக்கு. தண்ணி சொட்டுது, ரொட்டி கெட்டுப்போச்சு, எனக்கு அறிவில்ல. முதல் ரெண்டையும் இன்னிக்கே சரி பண்ணிடலாம். மூணாவதுக்குக் கொஞ்ச நாளாகும்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டித் தண்ணீரைப் பின்பக்கச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டாள். அடுத்த மாதம் அவளுடைய சனிக்கிழமை வகுப்பில் நானும் ஒரு மாணவி. திட்டப் போனவள் படிக்க உட்கார்ந்த கதை என்று என் மச்சான் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கல்யாணச் சாப்பாட்டு ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்த முதல் கடை எங்களுடையதுதான்.

செல்லாயி பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஆத்தங்கரைத் தோட்டம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரை வைத்த பேர் யார் வாயிலும் நுழையாது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்தவுடன், 1972இல், கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்துக்கு அட்டையில் ஓட்டை போடும் வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு எதைச் சொல்ல வேண்டுமானாலும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஓட்டைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. குப்பைக் கூடையில் கிடந்த அட்டைகளை எடுத்து வந்து, வாடகை அறைக் கட்டிலில் பரப்பி, அவளே கண்டுபிடித்தாள். ஒருநாள் புரோகிராம் எழுதுகிற அதிகாரியிடம் போய், "சார், பதினேழாவது அட்டை தப்பு" என்றாளாம். அவர் முறைத்தாராம். மறுவாரம் அவளுக்குத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டாராம். பத்து வருஷம் அங்கே புரோகிராம் எழுதிவிட்டு, நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஈப்போவுக்கு வந்தாள்.

யார் படிக்க வருவார்கள் என்று நான்கூட நினைத்தேன். 85இல் ஈயத்தின் விலை விழுந்ததும் சுரங்கங்கள் மூடிக்கொண்டன. வேலை போனவர்கள் ஒவ்வொருவராகப் படியேறினார்கள். சுரங்கத்து ஸ்டோர்கீப்பர், தாப்பாவிலிருந்து பஸ் பிடித்து வரும் தட்டெழுத்துக்காரி, கோலா கங்சாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு அண்ணன் தம்பிகள். ஆத்தங்கரைத் தோட்டத்தின் கடைசிக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, அப்பாவுவும் வந்தார். ஐம்பத்தாறு வயசு. ஆயுள் முழுக்கச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் எழுதிய மனுஷன், ஒரு விரலால் தட்டித் தட்டிப் படித்தார்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு நோட்டு தொங்கும். பிழை நோட்டு. யார் என்ன தப்புச் செய்தாலும் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். சனிக்கிழமை தே தாரே என்ற ஆத்திய பால் டீயோடு அதைச் சத்தமாக வாசிப்போம். வாரத்தின் மிகச் சிறந்த தப்புக்குப் பரிசு, எங்கள் கடைப் பீசாங் கோரெங், அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, இரண்டு. ஒரு தடவை நான் ஒரு நிக்காஹ் சாப்பாட்டுக்கு முந்நூறு கிலோ உப்பு என்று போட்டுவிட்டு வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, ஆனால் ருசியாகவும் இருந்தது.

88இல்தான் பெர்ல் வந்தது. அவளிடம் படித்த ஜெயபாலன் என்பவன் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். உலகத்துப் பெரிய கம்ப்யூட்டர்கள் டெலிபோன் வழியாகக் கடிதம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இருந்தது. அப்படி வந்ததுதான் பெர்ல் என்ற புது மொழி. எழுத்துகளையும் பேர்களையும் பட்டியல்களையும் பிரித்து மேய்வதில் கெட்டிக்கார மொழி. ஜெயபாலன் அதை நாடாவில் பதிந்து அனுப்பினான். செல்லாயி ஓர் அலுவலகம் தள்ளிவிட்ட பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தாள். அதில் பெர்லை ஓட வைக்க மூன்று நாள் போராடினாள். நான்காம் நாள் கீழே இறங்கி வந்து, "பானுக்கா, பிரியாணி இருக்கா?" என்று கேட்ட முகத்தைப் பார்த்தே ஜெயித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. அவளுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு தாளில் எழுதுவாள். பினாங்கு பஸ் ஓட்டுகிற இராமசாமி அண்ணன் எங்கள் கடையில்தான் பசியாறுவார். அவரிடம் உறையைக் கொடுத்துவிடுவாள். ஜெயபாலன் அதைத் தட்டெழுதி உலகத்துக்கு அனுப்புவான். மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் பதில் வந்துவிடும், கட்டுக்கட்டாக. அமெரிக்காவிலிருந்து ஒருத்தன், பின்லாந்திலிருந்து ஒருத்தன், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண். அவர்கள் கேட்பதற்கு இவள் எழுதும் பதிலும் அதே பஸ்ஸில் போகும்.

"யாரு புள்ள இவனுங்க?" என்று கேட்டேன். "சொந்தமா பந்தமா? எதுக்கு ஒனக்கு இப்படி விழுந்து விழுந்து பதில் எழுதுறானுங்க?"

"தெரிஞ்சத வாய்க்குள்ள வச்சுக்கிட்டு இருக்க முடியாத ஆளுங்கக்கா. உங்கள மாதிரி."

கொழுப்பு! ஆனால் பொய் சொல்லவில்லை.

இனி ராக்காயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் ஆத்தங்கரைத் தோட்டத்துக்காரிதான். இருபத்தெட்டு வருஷம் மரம் வெட்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். தோட்டத்தை விற்று, தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளை ஒவ்வொன்றாக இடிக்க ஆரம்பித்ததும் எங்கள் கடைக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். படுக்கை எங்கள் ஸ்டோரில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே. அதே தோட்டத்தில் வேலை செய்த அவள் அண்ணன் பத்துமலையின் வீட்டில் ஒற்றை அறையில் ஏழு பேர். ராக்காயிக்கு ஒரே ஆசை, வீடு. கதவைச் சாத்தினால் சாத்தினதாக இருக்கிற ஒரு வீடு. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதே பேச்சு. எந்தப் பக்கம் அடுப்பு, எந்தப் பக்கம் சாமி படம் என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தாள்.

89இல் அதற்கு வழி பிறந்தது. தோட்டத்தை வாங்கிய வீட்டு நிறுவனம் பழைய தொழிலாளிகளுக்கென்று அறுபது மலிவு வீடுகளை ஒதுக்கியது. தொழிலாளிகள் நூற்றெண்பத்தேழு பேர். ஆளுக்கு ஒரு சீட்டு, குலுக்கல். ஆனால் ஒரு கண்டிஷன்: நிறுவனத்தின் முத்திரை குத்திய அழைப்புக் கடிதத்தோடு வருகிறவர்களுக்குத்தான் சீட்டு. நம்ம தோட்டத்து ஆட்களுக்கு நானே கடிதம் அடித்துத் தருகிறேன் என்று செல்லாயி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றாள். அப்பாவு கிராணி செக்ரோலைப் பார்த்து ஒற்றை விரலால் எல்லாப் பேரையும் ஏற்றினார். பெர்ல் நண்பர்களில் ஒருவன் எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருந்த கடிதம் அடிக்கும் புரோகிராம் அவளிடம் இருந்தது. அதில் மலாய் வாசகத்தைப் போட்டு ஓட்டினாள். பிரிண்டர் கடகடவென்று துப்பியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். கடிதம் கட்டாகி, முத்திரை குத்தி, கிராணி வாங்கிப் பிரித்துக் கொடுக்கட்டும் என்று தோட்டத்து விலாசத்துக்கே தபாலில் போயிற்று. எத்தனை கடிதம் என்று ஒருத்தரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். புதன்கிழமை காலை அப்பாவு கிராணி கடைக்குள் ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"டீச்சர் எங்கம்மா? தொண்ணூத்து நாலு கடுதாசிதான் வந்திருக்கு. அதுவும் செத்துப்போனவனுக்கெல்லாம் வந்திருக்கு!"

விஷயம் இதுதான். அமெரிக்காக்காரனுக்குப் பேரில் கடைசியாக வருவது குடும்பப் பேர். நமக்கு அது அப்பன் பேர். ஒரே விலாசத்தில் ஒரே குடும்பப் பேரில் நாலு பேர் இருந்தால் வீட்டுக்கு ஒரு கடிதம் போதுமே என்று அந்தப் புரோகிராம் நினைக்கும். தோட்டத்திலோ எல்லோருக்கும் ஒரே விலாசம். அங்கே ஐயாவு என்ற பேரில் மட்டும் ஒன்பது அப்பன்மார். அவர்களுக்குப் பிள்ளைகள் இருபத்தாறு. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம், 'என்சிக் ஐயாவு', அதாவது திருவாளர் ஐயாவு, என்று. ஒன்பது ஐயாவுகளில் எட்டுப் பேர் மண்ணுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த கிழவர் ஒருவர், கடிதத்தை வாங்கிக்கொண்டு வீடு தனக்குத்தான் என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டாராம்.

ராக்காயியின் அப்பன் பேர் சன்னாசி. 'என்சிக் சன்னாசி'க்கு ஒரே கடிதம். உள்ளே இருந்தது பத்துமலையின் அடையாளக் கார்டு நம்பர். பத்துமலையும் கிராணியின் பின்னாலேயே வந்து நின்றான், கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

ராக்காயி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "அப்பனுக்கு இப்ப எதுக்குய்யா வீடு? உசுரோட இருக்கையில ஒழுகுற கூரையக்கூட மாத்திக் குடுக்கலயே. என் கடுதாசி எங்க?"

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதும் லா," என்றான் பத்துமலை. "ஆம்பள நான் இருக்கேன்ல. கெடச்சா நீயும் வந்து ஒரு மூலையில இருந்துக்க."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "மூலையில வைக்க அவ என்ன வெளக்குமாறா?" என்று கரண்டியோடு கல்லாவை விட்டு வெளியே வந்தேன். லியாகத் அலி குறுக்கே வந்து நின்றிராவிட்டால் அன்றைக்கு என்ன நடந்திருக்குமோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ராக்காயி பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுவது கேட்கக் கூடாது என்றுதான்.

செல்லாயி மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "நானும் அப்பன் பேர கடைசியில வச்சிருக்கறவதானே, பானுக்கா. என் பேரையே அது தப்பாத்தான் படிச்சிருக்கும். எனக்குத் தோணலயே!" என்றாள். பிறகு விறுவிறுவென்று மேலே போனாள். பிழை நோட்டை எடுத்துத் தன் கையால் எழுதினாள்: 'அடுத்தவன் வீட்டு வழக்கத்தை என் வீட்டு வழக்கம் என்று நம்பினேன். எண்ணிப் பார்க்கவில்லை. தொண்ணூற்று மூன்று பேர் விடுபட்டார்கள்.' அன்றைக்கு யாருக்கும் பீசாங் கோரெங் ஞாபகமே வரவில்லை.

எங்கள் கடைப் போனிலிருந்து ஜெயபாலனைக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் உலகத்துக்குச் சொல்லச் சொன்னாள். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பேருக்குப் பதில் அடையாளக் கார்டு நம்பரை வைத்து ஆளைப் பிரிக்கும்படி மாற்றி எழுதினாள். பேர் ஒரு பத்தி, அப்பன் பேர் தனிப் பத்தி. இந்தத் தடவை பிரிண்டர் நின்றதும் கிராணி ஒவ்வொன்றாக எண்ணினார். நூற்றெண்பத்தேழு. நான் மறுபடி எண்ணினேன். நூற்றெண்பத்தேழு.

முத்திரைக்கு மறுபடி நிறுவனத்துக்குப் போக வேண்டும். தனியாகப் போக விடுவேனா? கூடவே போனேன். அந்த மலாய் அதிகாரி நல்ல மனுஷன். தப்பிக்க அவரே வழி காட்டினார். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், போதும்" என்றார். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன், சரியென்று சொல்லித் தொலையேன் என்று.

"கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செய்தது. தப்பு என்னுடையது," என்றாள் மலாயில். "இனி உங்கள் வேலை எனக்குத் தர வேண்டாம். ஆனால் இந்த ஆட்களை விட்டுவிடாதீர்கள்."

அதிகாரி பியூனிடம் முத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். பழைய கடிதம் செல்லாது, புதியதுதான் செல்லும் என்று கைப்பட எழுதியும் கொடுத்தார்.

தபாலை நம்ப நேரமில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வகுப்பே தபால்காரன் ஆனது. தட்டெழுத்துக்காரி தாப்பா பக்கம், அண்ணன் தம்பிகள் கோலா கங்சார் பக்கம், கிராணி கோப்பெங் முழுக்க. என் மச்சான் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு சாப்பாட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ராக்காயியின் கடிதத்தைச் செல்லாயியே அவள் கையில் கொடுத்தாள். ராக்காயிக்கு வாசிக்கத் தெரியாது. "என் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றாள். செல்லாயி காட்டினாள். அந்த இடத்தில் விரலை வைத்தபடியே ராக்காயி பாத்திரம் கழுவப் போனாள். ஒரு கையால் எப்படிக் கழுவுவாள்? நான்தான் கழுவினேன்.

அன்று சாயங்காலம் இராமசாமி அண்ணன் உறையோடு வந்தார். பதில்கள். புரோகிராமை எழுதிய அமெரிக்கன், தப்பு தன்னுடையதும்தான், செல்லாயி சொன்னபடி மாற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தான். இன்னொரு தாள் ஐஸ்லாந்து என்ற நாட்டிலிருந்து. 'எங்கள் ஊரிலும் குடும்பப் பேர் கிடையாது, அப்பன் பேர்தான். டெலிபோன் புத்தகத்தையே ஆள் பேரை வைத்துத்தான் அடுக்குகிறோம். கைகொடுங்கள் சகோதரி!' பனிக்கட்டி நாட்டில் நம்ம ஆளு! புதன்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் செல்லாயி சிரித்தாள். நான் அந்தத் தாளைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தேன். மீன் கறிக் கறை படிந்துவிட்டது, ஆனால் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில் குலுக்கல். எனக்கு அங்கே சீட்டும் இல்லை, சொந்தமும் இல்லை. கடையை அடைத்துவிட்டுப் போனேன். நூற்றெண்பத்தொரு பேர் கடிதத்தோடு வந்திருந்தார்கள். செல்லாயி பட்டியலோடு ஓரமாக நின்று ஒவ்வொரு பேராக டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

பத்துமலை முதலில் போனான். டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்துப் பிரித்தான். வெள்ளைத் தாள். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், வெள்ளையேதான். வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். அவன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஏழு பேருக்கு ஒற்றை அறை, பாவம்.

"ராக்காயி!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. "ஒன்னத்தான் புள்ள, போ" என்று நான் முதுகில் தள்ளினேன். போனாள். எடுத்தாள். பிரிக்காமல் அதிகாரியிடமே நீட்டினாள். அவர் பிரித்துப் பார்த்து, மைக்கைக் கிட்டே இழுத்து, "ராக்காயி, வீட்டு நம்பர் இருபத்து மூன்று!" என்றார். செல்லாயி பட்டியலைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலுக்குத் திடலே திரும்பிப் பார்த்தது.

ராக்காயி கூச்சல் போடவில்லை. கைநாட்டு வைத்த கட்டைவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனாள்.

"எந்திரிண்ணே. அண்ணியையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்துரு. ரெண்டு ரூம்பு இருக்காம்."

பத்துமலை தலை நிமிரவில்லை. "நான் அப்படிச் சொல்லியுமா கூப்புடுற?"

"பின்ன, அண்ணன ரோட்டுலயா விடுறது? ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கும்."

அவன் தலையாட்டினான்.